ஆண் கணக்கு, பெண் கணக்கு

2023 நவம்பர் 18, சனிக்கிழமை, காலை 7.40. முதல் நாள் மாலை நாலரைக்குப் பிடித்த மழை விடிய விடியப் பெய்து, அப்போதுதான் தூறலாக இளைத்திருந்தது. பெடாஸ் பக்கம் எங்கள் பழைய தோட்டத்தின் எல்லையில், உளுத்துப்போன ஒரு கித்தா, அதாவது ரப்பர் மரக் கட்டையின் முன் நான் முட்டி போட்டிருந்தேன். வயது 74. என் மூக்குக்கும் கட்டைக்கும் இடைவெளி நாலு அங்குலம். தப்பு அந்த நாலில்தான். ஒரு முழமாவது விட்டிருக்க வேண்டும்.

முப்பத்தோரு வருஷம் தோட்டக் கிராணியாக ஆள் எண்ணி, பால் எடை எழுதி, பெயர் போட்டவன் நான். வேலை போன பிறகும் எண்ணும் வியாதி போகவில்லை. (எங்கள் வீட்டு மாடிக்குப் பதினேழு படி. பதினேழு எனக்குப் பிடிக்காத எண். ஆனாலும் தினமும் பதினேழுதான் வருகிறது.) "என் கணக்கு தப்பு" என்ற மூன்று சொற்களை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதைச் சொல்ல வைக்க நாற்பத்திரண்டு வருஷம் முயன்றவர், ஆட்களை மேய்த்த மண்டோர் முனுசாமி. ஒரு நாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் எண்ணும் வரிசையில், அவர் 43 பேர் என்றார். பத்து மணிக்கு நான் காட்டைச் சுற்றி எண்ணினேன், 42. குறைந்த ஆள் அவர் மனைவி அஞ்சலை. பாதி மரம் சீவும்போதே பிரசவ வலி வந்து போய்விட்டாள் என்றார்கள். வலியை எழுத என் ஏட்டில் கட்டம் இல்லை. பெயரை அடித்தேன். அன்றைய கூலி போயிற்று. அதிலிருந்து எங்கே பார்த்தாலும் அவர், "நாப்பத்து மூணு, கிராணி சார்" என்பார். நான், "நாப்பத்திரண்டு" என்பேன். எங்களுக்குள் வணக்கமே அதுதான்.

இந்த நிலையில், அன்று பிறந்த குழந்தையின் மகள், மண்டோரின் பேத்தி மேகலா, பல்கலைக்கழகத்திலிருந்து வெல்வெட் புழு தேடி வந்தாள். ரோட்டோர ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த எங்களிடம் படம் காட்டினாள். விரல் நீளம், பட்டுத் துணி போன்ற தோல், இரண்டு உணர்கொம்பு, வரிசையாகக் குட்டை குட்டைக் கால்கள்.

"பார்த்திருக்கேன். நாப்பத்தெட்டு காலு" என்றார் மண்டோர்.

நானும் கட்டை பிளக்கும்போது ஒரு தரம் பார்த்திருக்கிறேன். "நாப்பத்தாறு" என்றேன்.

கடையே திரும்பியது. "பெட் வைப்போம் லா! தோத்தவரு இதே கடையில, எல்லாரு முன்னாடியும், 'என் கணக்கு தப்பு'ன்னு சொல்லணும்" என்றார் மண்டோர். எனக்கு அன்றிரவு தூக்கமில்லை.

கட்டைக்கு வருவோம். மேகலா அடுத்த கட்டையைப் பிரிக்கப் போயிருந்தாள். மண்டோர் எனக்குக் குடை பிடித்திருந்தார். பட்டையை நீக்கியதும் அது இருந்தது. ஒரு பக்கம் எண்ணி இரண்டால் பெருக்குவது என் முறை. பத்தொன்பதாவது காலில் என் மூச்சு அதன் மேல் பட்டிருக்க வேண்டும். வாயின் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு பீச்சல். கண்ணாடி, மீசை, வலது புருவம், எல்லாம் நூல் நூலாகப் பசை.

"அசையாதீங்க சார், துப்பிட்டான்!" மண்டோர் சிரித்த சிரிப்பில் குடை ஆடியது.

"கண்ணு போச்சு, மண்டோரு!"

பசை இறுகியது. மீசை உதட்டோடு ஒட்டிக்கொண்டது. மண்டோர் குடையைக் கழுத்தில் இடுக்கியபடி, மேகலாவின் பையிலிருந்த கத்தரிக்கோலால் என் மீசையில் சரிபாதியை எடுத்தார். கண்ணாடியைத் தன் மோட்டார் சைக்கிள் பெட்ரோலில் துடைத்தார். பசை அப்படியே இருந்தது, கண்ணாடிதான் வெளுத்தது.

மேகலா ஓடி வந்தாள். "ஐயோ தாத்தா, தண்ணி பட்டா கரைஞ்சிடுமே!"

தூறல் விழுந்துகொண்டிருந்தது. மண்டோர் அதுவரை என் மேல் ஒரு சொட்டு விழாமல் குடையைப் பிடித்திருந்தார்.

முகம் கழுவிய பின், ஈரப் பாசி போட்ட இரண்டு பெட்டிகளில் எண்ணிக்கை நடந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் கட்டையில் கிடைத்ததை எண்ணினேன். பக்கத்துக்கு 23, ஆக 46. மண்டோர், மேகலா அடுத்த கட்டையிலிருந்து கொண்டு வந்ததை இரண்டு பக்கமும் எண்ணினார், 48. பெட்டியை மாற்றி எண்ணினோம். அதே 46, அதே 48.

"தாத்தாமாரே, சண்டை வேணாம். உங்களோடது ஆண், இவரோடது பெண். இந்த வகையில பெண்ணுக்குக் கால் கூடுதலா இருக்கும்" என்றாள். இது மண்புழுவும் இல்லை, பூரானும் இல்லை, மரவட்டையும் இல்லை, தனிக் குலம் என்றாள். தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கோ சொந்தக்காரர்கள் இருக்கிறார்களாம். சிலதுக்குப் பதின்மூன்று ஜோடிக் கால்தான், சிலதுக்கு நாற்பதுக்கும் மேல். சிலது முட்டையிடும், சிலது குட்டி போடும். மூச்சுத் துளைகளை மூட முடியாததால் ஈரம் விட்டு வெளியே வந்தால் உலர்ந்தே செத்துப்போகும். பாவம், அதுவும் என்னைப் போலப் பயந்த பிறவிதான்.

இரண்டு கணக்கும் சரி என்றால் தோற்றவன் இல்லை. நான் நிம்மதியாக அவள் குறிப்பேட்டில் "புழு 2 மட்டும்" என்று மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒட்டுக்கடையில் என் அரை மீசையைப் பார்த்துச் சிரித்து ஓய்ந்ததும், பெட்டியைக் காட்டச் சொன்னார்கள். மேகலா பெண்ணின் பெட்டியைத் திறந்தாள். பாசி மேல் தாயோடு வெள்ளையாக இரண்டு நூல் துண்டுகள் நகர்ந்தன. குட்டிகள். வரும் வழியில் போட்டிருக்கிறது.

மண்டோர் குறிப்பேட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "எத்தனை எழுதினீங்க சார்?"

கடையில் என்னைத் தவிரப் பதினொரு பேர். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"என் கணக்கு தப்பு" என்றேன்.

"எந்தக் கணக்கு?" சிரிக்காமல் கேட்டார்.

தேநீரில் மிதந்த நுரையை எண்ணப் பார்த்தேன். முடியவில்லை. "ரெண்டும்" என்றேன்.

அவர் தன் தட்டிலிருந்த வடையைப் பிட்டு, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் அஞ்சலையின் பழைய கூலியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "மீசைய வளருங்க, பார்க்கச் சகிக்கல" என்றாள். வீட்டில் இட்லி எண்ணிக்கை முதல் மின்சார பில் வரை நான் எதைச் சொன்னாலும், மருமகள், "ஆண் கணக்கா, பெண் கணக்கா மாமா?" என்கிறாள். பேரப்பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள்.

கண்ணாடி 340 வெள்ளி. பந்தயப்படி இல்லாவிட்டாலும் கடையில் பதினொரு பேருக்கும் தேநீர், 24 வெள்ளி 20 காசு. அஞ்சலையின் கூலி 7 வெள்ளி 20 காசு. நான் கூட்டியதை மருமகளிடம் கொடுத்து ஒருமுறை சரிபார்த்தேன். மொத்தம் 371 வெள்ளி 40 காசு.