பாராட்டில் பறிபோன பின்னறை

தெருவில் அவருக்குப் பெயர் சத்தக்காரர். அவரோ தன்னைச் சோதனை இசைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்வார். சோதனை கேட்பவர்களுக்குத்தான்.

மூன்று வருஷம் பின்னறையில் அடைந்து கிடந்து ஒரு ஆல்பம் செய்தார். சுவர் முழுக்கப் பழைய மெத்தை. குழாய் சொட்டுவது, ஃப்ரிட்ஜ் முனகுவது, பீரோ கிறீச்சிடுவது என்று எல்லாவற்றையும் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, தலைகீழாக ஓட்டி, எட்டு உருப்படிகள் தேற்றினார். அந்த மூன்று வருஷமும் வீட்டில் தும்மத் தடை. தையல்காரியான அவர் மனைவி சாப்பாட்டு மேஜைமேல் மெஷினை வைத்துக்கொண்டு, அறை வாசலில் பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்தி, அணைந்தால் ஓட்டி, ஒரு யூனிஃபார்மை முடிப்பதற்குள் அதைப் போடவேண்டிய பிள்ளை அடுத்த வகுப்புக்கே போய்விடும்.

ஆல்பம் வெளிவந்தது. வந்த சத்தமே இல்லை.

"ஆல்பம்னு சொன்னாங்களே, போட்டோ எங்கே சார்?" என்று மாடி வீட்டுக்காரர் மட்டும் கேட்டார்.

ஆறாவது வாரம் ஒரு இசைப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. "எட்டு உருப்படிகள். ஐந்தாவதன் நடுவே எங்கள் வீட்டில் கரண்ட் போய்விட்டது. அந்தப் பத்து நிமிஷம் மிக இனிமை."

மனைவி அதை இரண்டு முறை படித்தாள்.

"ஏங்க, அறையைக் காலி பண்ணிடலாமா?"

"ஒரு ஆள் சொன்னா ஆச்சா?"

"வேற யாராவது ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

"சொல்வாங்க."

"சரி. மாசக் கடைசிக்குள்ள ஒரே ஒருத்தர் நல்லா இருக்குன்னு எழுதட்டும். அறை உங்களுக்கு. இல்லைன்னா என் மெஷினுக்கு. சம்மதமா?"

வீராப்பாகத் தலையாட்டிவிட்டார். அப்புறம் தினமும் பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டி விரல் கறுத்ததுதான் மிச்சம். நாமாவது ஒரு முறை முழுசாகக் கேட்போம் என்று ஆல்பத்தைப் போட்டார். மூன்றாவது உருப்படியில் தூங்கிப் போனார்.

எழுந்ததும் பேனாவை எடுத்தார். வேறு வழி தெரியவில்லை. 'செவிச்செல்வன்' என்று ஒரு புனைபெயர். ஒரு பக்கம் விமர்சனம் எழுத உட்கார்ந்தவருக்கு மூன்று பக்கம் போதவில்லை. இத்தனை வருஷம் யாரும் சொல்லாததையெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதில் கண்ணே கலங்கிவிட்டது. பத்திரிகைக்காரருக்கும் அந்த வாரம் பக்கம் நிரம்பவில்லை போலிருக்கிறது. வரி விடாமல் போட்டுவிட்டார்.

பத்திரிகை வந்த அன்று சத்தக்காரர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மனைவி நின்றபடியே உரக்க வாசித்தாள்.

"'குழாய்ச் சொட்டில் கடலைக் காட்டுகிறார்...' அடேயப்பா!"

"ம்."

"'பீரோக் கதவின் துயரத்தை இதுவரை யார் பாடினார்கள்?' உண்மைதான், யாரும் பாடலை."

"நான் சொன்னா நீ நம்பலையே."

"இருங்க, இன்னும் இருக்கு. 'இந்த மேதைக்கு ஸ்டூடியோ எதற்கு? மாடிப்படிக்கு அடியில் உட்கார வைத்தாலும் பிரபஞ்சத்தையே இசைத்துவிடுவார்!'"

சத்தக்காரர் காலைக் கீழே இறக்கினார்.

"எவ்வளவு விஷயம் தெரிஞ்சவர் பாருங்க," என்றாள் மனைவி. "மாடிப்படிக்கு அடியில இடம் சும்மாத்தானே கிடக்கு?"

"அது... ஏதோ ஒரு பேச்சுக்கு எழுதியிருப்பார்."

"அப்போ மேதைன்னு எழுதினதும் பேச்சுக்குத்தானா?"

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மேதையாக இருந்தால் அறை போகும். இல்லையென்றாலும் போகும். எழுதியவன் யார் என்று சொன்னால் அறையோடு மானமும் போகும்.

மத்தியானத்துக்குள் மெத்தைகளை அவரே கழற்றினார். சாயங்காலம் பின்னறையில் தையல் மெஷின் நிறுத்தாமல் ஓடியது. அவர் துடைப்பத்துக்கும் செருப்புகளுக்கும் நடுவே, குனிந்த தலை நிமிர முடியாமல், ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது படியேறினால் தலையில் தூசி விழுந்தது. வேர்வை வழிந்தது.

மனைவி டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவர் ஹெட்போனைக் கழற்றி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ரொம்பப் புழுக்கமா இருக்கா?" என்று கேட்டாள் அவள். "அடுத்த விமர்சனத்துல ஒரு ஃபேனும் வேணும்னு எழுதிக்கோங்க. வாங்கி மாட்டிடலாம்."