பொன்னுருவி கேட்ட பாலம்

ஒரு காட்டில் ஓடை இருந்தது, பாலம் இல்லை. இக்கரையில் பொன்னுருவி என்ற முயல் கீரை பயிரிட்டாள். சந்தை அக்கரையில், கூப்பிடு தூரத்தில். ஆனால் அவளுடைய டீசல் வண்டி மலையைச் சுற்றித்தான் போயாக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் கீரை துவண்டுவிடும். வாடிய கீரையை ஆடுகூட முகர்ந்து பார்க்காது. இன்னொரு கோடை இப்படியே போனால் தோட்டத்தை மூட வேண்டியதுதான் என்று, பாவம், அழுதேவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எரிபொருள் அதிகாரி நாரையிடம் போனாள். காட்டில் எவ்வளவு டீசல் வந்தது, எவ்வளவு எரிந்தது என்று ஒற்றைக் காலில் நின்று கண்காணிப்பது அவர் வேலை. காடு முன்னேறுகிறதா என்பதை அவரிடம் கேட்டுத்தான் சிங்கராஜாவே தெரிந்துகொள்வார்.

"ஐயா, ஒரு பாலம் கட்டிக் குடுங்க. பாதி டீசல் மிச்சமாகும்" என்றாள்.

நாரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மெதுவாப் பேசும்மா! டீசல் நிறைய எரிஞ்சாத்தான் காடு முன்னேறுதுன்னு அர்த்தம். இந்த வருஷம் நம்ம காடுதான் முதலிடம். ஏன் தெரியுமா? நீங்க எல்லாரும் மலையைச் சுத்துறீங்களே, அதான்! பாலம் வந்தா முன்னேற்றம் படுத்துடும்."

பொன்னுருவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சரிங்கய்யா, பாலத்து அந்தக் கோடியில ஒரு சோதனைச் சாவடி வைங்க. மலையைச் சுத்துற நேரம் முழுக்க வண்டிங்க பாலத்து மேலயே நிக்கட்டும். எஞ்சினை மட்டும் யாரும் அணைக்கக் கூடாது."

"அடடே, எனக்கு இது தோணலையே!" சந்தோஷத்தில் நாரை மடக்கிய காலையும் ஊன்றிவிட்டார்.

மழைக்கு முன்பே பாலம் எழும்பியது. திறப்பு விழா அன்றே வண்டிகள் வரிசைகட்டி நின்று உறுமின. சாவடியிலோ ஒரு நத்தை ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கிச் சோதித்தது. வரிசையில் யானைக்குப் பசி, ஆட்டுக்குப் பசி, மானுக்கும் பசி. பொன்னுருவி தன் வண்டியை உறும விட்டுவிட்டு, பறித்த ஈரம் காயாத கீரையை ஜன்னல் ஜன்னலாக விற்றாள். சாவடி கண்ணில் படுவதற்குள் கூடை காலி!

விஷயம் பரவி, சந்தைக்காரர்கள் எல்லோரும் பாலத்துக்கே கடையை மாற்றினார்கள். வண்டிகள் பெருகின, புகை பெருகியது, முன்னேற்றம் எகிறியது. மகிழ்ந்துபோன சிங்கராஜா நாரைக்குப் பதக்கம் அறிவித்தார். அதை வாங்கக் கிளம்பிய நாரை இன்னும் பாலத்தில்தான் நிற்கிறார், மடியில் இரண்டு கட்டு முருங்கைக்கீரையோடு.

பொன்னுருவி அந்தப் பாலத்தை இதுவரை ஒரு தடவைகூடக் கடந்ததில்லை.

நீதி: ஊருக்குப் பாலம் வேண்டுமானால், அதை யாரும் சீக்கிரம் கடந்துவிட மாட்டார்கள் என்று முதலில் உறுதி கொடுக்க வேண்டும்.