வாளி ஓவர்சியர்

அந்தக் காலத்துப் பெங்களூரில் யார் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாலும் புரோகிதருக்கு முன்னால் வந்து நிற்பவர் வாளி ஓவர்சியர்தான். கையில் ஒரு வாளி ஈர மணல், அதன்மேல் ஒரு செங்கல்.

"இங்க பாருங்கோ" என்று வாளியைத் தட்டுவார். தட்டத் தட்ட மணல் கூழாகித் தண்ணீர் மேலே வரும். செங்கல் சாய்ந்து உள்ளே போய்விடும்.

"பூகம்பம் வந்தா இதுதான் உங்க வீடு!"

பூஜைக்கு வந்தவர்கள் பேயறைந்ததுபோல் நிற்பார்கள். பீகாரில் ரயில்வே வேலையில் இருந்தபோது பூகம்பத்தில் சிக்கியவர் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். மேலே கேட்டால் மறுபடி வாளியைத்தான் தட்டுவார்.

நான் ஒக்கலிபுரத்தில், ரயில் பாதையை ஒட்டி, தூர்ந்துபோன குளத்தில் மனை வாங்கினேன். கொஞ்சம் தோண்டியதுமே ஈர மணல். கேட்கவேண்டுமா? வாளி வந்துவிட்டது.

"கெட்டி மண் வர்ற வரைக்கும் தோண்டுங்கோ சார். கைக்குழந்தை இருக்கிற வீடு."

"பெங்களூர் பூரா பாறைங்க சாமி, ஆடவே ஆடாது" என்றார் மேஸ்திரி.

நான் மேஸ்திரி கட்சி. வீடு எழும்பியது. ஆனால் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் செங்கல் மூழ்கியது.

கிரகப்பிரவேசத்தன்று அவரையும் அழைத்தேன். அழைக்காவிட்டாலும் வருவார். நாயனம் காதைப் பிளந்தது. பால் பொங்கக் காத்திருந்தோம். பால் பொங்கவில்லை, நடுங்கியது. அலமாரியில் பாத்திரங்கள் கடகடத்தன.

"ஓடுங்கோ!" என்று அலறினார் ஓவர்சியர்.

ஓடினோம். புரோகிதர் கலசத்தோடு, நான் காபி பில்டரோடு. தெருவுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: "குழந்தை எங்கே?"

"உங்கிட்ட இல்லையா?"

எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே பாய்ந்தேன். வாசற்படியிலேயே ஓவர்சியர் எதிரே வந்தார். தூளியில் கிடந்த குழந்தை அவர் மார்பில் இருந்தது.

நாயனம் நின்றுவிட்டதால் இப்போதுதான் சத்தம் கேட்டது. வீட்டுக்குப் பின்னால் சாவகாசமாக ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. குழந்தையைத் தரவும் இல்லை.

"பீகார்ல நான் மட்டும் வெளிய ஓடி வந்துட்டேன் சார்" என்றார் மெதுவாக. "ஆம்படையா உள்ள இருந்தா."

வீடு இன்னும் நிற்கிறது. ஓவர்சியர்தான் இல்லை. இப்போதும் கூட்ஸ் வண்டி போனால் பாத்திரங்கள் கடகடக்கும். நாங்கள் யாரும் வெளியே ஓடுவதில்லை. அவர் உள்ளே ஓடி வருவாரோ என்று வாசலைப் பார்க்கிறோம்.