மாட்டு டாக்டர் பாதிச் சவரத்தோடு எழுந்துபோன விவகாரம்

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கே நான், உன் தம்பி மனைவி, கடை, கடையின் ஒழுகுகிற கூரை எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் முழங்காலும் உன் மாடும் சுகமாக இருக்க வேண்டும். மாட்டின் சுகத்தைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ‘களத்துமேட்டுக் குடும்பம்’ ரேடியோ நாடகத்தை நான் இதுவரை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருஷமாக, தினம் மத்தியானம் ஒன்றேகாலுக்கு, கால் மணி நேரம் நடக்கிற நாடகம். அந்தக் கால் மணி நேரம் எங்கள் தெருவில் தையல் மெஷின்கூட ஓடாது. நான் மட்டும் கண்ணாடிக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் பரிசோதிக்கிற நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவேன். ஆனால் எதிர்வரிசைச் சலூனில் நான்தான் அந்த நாடகத்தின் பெரிய ரசிகன். மூன்று வருஷமாக இந்த வேஷம்.

வேஷம் போடாமல் என்ன செய்வது, சொல். அந்தச் சலூன்காரர் நாடகம் கேட்காதவர்களோடு பேச மாட்டார். பேச்சில்லாமல் வெட்டினால் அவருக்குக் கை வேகம் கூடிவிடும், காதுக்கு ஆபத்து. ஒருநாள், “நேத்து பெரியவர் செஞ்சது நியாயமா, நீங்களே சொல்லுங்க?” என்று கத்தரியைக் காதருகே வைத்துக்கொண்டு கேட்டார். எந்தப் பெரியவர், என்ன செய்தார், ஒன்றும் தெரியாது. “நியாயமில்லதான்” என்றேன். “பாத்தீங்களா, படிச்சவர் சொல்றாரு!” என்று எனக்கு இலவசமாகக் கழுத்தைப் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து மூன்றே வாக்கியங்களில் வண்டி ஓடுகிறது: “அதானே!” “நான் அப்பவே நெனச்சேன்.” “விடுங்க, அவங்க ரத்தம் அப்படி.” இந்த மூன்றை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பத்தைப் பற்றியும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். நம் பெரியப்பா வாழ்க்கை முழுக்க வேறென்ன பேசினார்?

அந்தச் சலூனில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் நாடகத்தில் ஒருவரைச் சொந்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற தபால்காரருக்கு அந்த வீட்டு இரண்டாவது பிள்ளை மருமகன். சலூன்காரருக்கு மூத்த மருமகள் தங்கை. அவள் வீட்டை விட்டுப் போன வாரம் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லையாம். “உங்களுக்கு யாரு?” என்று என்னைக் கேட்டபோது நாடகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் முழித்தேன். ஒரு டீச்சர் இருப்பதாகக் காதில் விழுந்திருந்தது. நீயும் டீச்சராக இருந்தவள்தானே என்ற பாசத்தில், “டீச்சர்தான் எனக்கு அக்கா” என்றேன். தொலைந்தேன். அதற்குப் பிறகு, “உங்க அக்கா அந்தப் பொண்ண அடிச்சது தப்புங்க” என்பார்கள், நான் மன்னிப்புக் கேட்பேன். “உங்க அக்கா ஹெட்மிஸ்ட்ரஸ் ஆயிட்டாங்க” என்பார்கள், நான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பேன். நீ நிஜமாகவே ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனபோது நான் யாருக்கும் டீ வாங்கிக் கொடுக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை முடிவெட்டப் போனேன். பக்கத்து நாற்காலியில் யாரோ ஒருவர் முகம் முழுக்க நுரையோடு, ஒரு காதோரம் துண்டை அணைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். சலூன்காரர் அவர் கன்னத்தையும் என் தலையையும் மாறி மாறிக் கவனித்துக்கொண்டிருந்தார். தபால்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “என்னங்க, வாயே திறக்க மாட்டேங்கிறீங்க? உங்க அக்கா மாட்டு டாக்டரைக் கட்டிக்கப் போறாங்களாமே!” என்றார். நான் வழக்கம்போல, “நான் அப்பவே நெனச்சேன்” என்று நிறுத்தியிருக்கலாம். சனி யாரை விட்டது? சலூன்காரர் வேறு, “தம்பிங்கிற முறையில உங்க அபிப்பிராயம் என்ன?” என்று கேட்டுத் தொலைத்தார். அபிப்பிராயம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு நாக்கு தானாகவே எழுந்து நிற்கும். “என் அக்காவா? படிச்ச பொம்பள, போயும் போயும் அந்த ஊசிக்காரனையா? மாட்டு வாய்க்குள்ள விட்ட கைய வச்சு மாலை போடுவானா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அந்த ஆளு என் வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது!” என்று முழங்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

பக்கத்து நாற்காலி நுரைக்காரர் படக்கென்று எழுந்தார். துண்டை உருவிப் போட்டார். ஒரு கன்னம் வழுவழு, மறு கன்னம் நுரை. தோல்பையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ஓட்டமும் நடையுமாகத் தெருவில் இறங்கிவிட்டார். “டாக்டர்! இன்னொரு கன்னம்!” என்று சலூன்காரர் கத்தியோடு வாசல்வரை ஓடினார். “யாரு அது?” என்றேன். “நம்ம மாட்டு டாக்டருங்க” என்றார் தபால்காரர்.

அக்கா, அந்த இடத்தில்தான் நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். நீ டீச்சர். உன்னிடம் மாடு இருக்கிறது. இந்த டாக்டர் மாதாமாதம் உங்கள் ஊர்ப்பக்கம் போகிறவர். கல்யாணமே ஆகாத மனுஷர். அப்படியானால் இவ்வளவு நேரம் இவர்கள் பேசியது நாடகத்து அக்காவையா, என் அக்காவையா? வாய்விட்டுக் கேட்டுவிடலாம். கேட்டால் மூன்று வருஷ வேஷம் கலைந்துவிடும், முடி வேறு பாதி வெட்டியபடி நிற்கிறது. அதனால் சுற்றி வளைத்தேன். “இது எப்ப முடிவாச்சு?” என்றேன். “நேத்து மத்தியானம்தான்” என்றார் தபால்காரர். “யாரு சொன்னா?” “யாரு சொல்லணும்? அவங்க வாயாலயே சொன்னாங்க. என் ரெண்டு காதால கேட்டேன்.” “தம்பிகிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டேன். “அவன்கிட்டயா? அவனுக்குப் பயந்துதானே பாவம் இத்தனை நாள் மூடி வச்சிருந்தாங்க! ஒண்ணும் தெரியாது, ஆனா ஊர்ல இருக்கிற எல்லாத்துக்கும் அபிப்பிராயம் சொல்லுவான். வாய்தான் இருக்கு, காது கிடையாது” என்றார், என் முகத்தைப் பார்த்தே. சலூன்காரர், “அதானே!” என்றார். என் வாக்கியத்தை எடுத்து என்னையே அடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து உன் தம்பி மனைவியிடம், “டீச்சர் சமாசாரம் உனக்குத் தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல், “ஆறு மாசமா ஊருக்கே தெரியும். நல்ல மனுஷன் அந்த டாக்டர். தம்பிக்காரன் குறுக்க விழாம இருந்தாச் சரி” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குப் புரியவில்லை. இவளிடமும் விளக்கம் கேட்க முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் தினம் தாமதமாக வருவதற்குக் காரணமே நாடகம் என்றல்லவா சொல்லி வைத்திருக்கிறேன்!

சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து யோசித்தேன். அத்தான் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஒன்பது வருஷத்தில் உன் வீட்டுக்கு எத்தனை முறை வந்திருப்பேன்? வந்தபோதெல்லாம் நான் பேசினேன், நீ கேட்டாய். நீ ஏதாவது சொல்ல வாயெடுத்தால் நான் உன் ரேஷன் கார்டு, உன் முழங்கால், உன் கூரை பற்றி அபிப்பிராயம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். போன வருஷம், “நான் இப்ப ஒரு காரியம் பண்றேன்டா” என்று நீ ஆரம்பித்தாய். “இந்த வயசுல என்ன காரியம், பேசாம ஓய்வெடு” என்று செருப்பை மாட்டினேன். அந்தக் காரியம் டாக்டர்தான் என்று எனக்கென்ன தெரியும்? ஒன்பது வருஷத்துக்குப் பிறகு உனக்கென்று ஒரு துணை வருகிறது, அதையும் பாதிச் சவரத்தில் விரட்டிவிட்டானே இந்தப் பாவி என்று எனக்கே என் மேல் வெறுப்பாகிவிட்டது.

அன்று சாயங்காலமே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஒரு ஆட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஜுரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் இன்னும் தாடி. “டாக்டர், காலையில நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. எனக்குப் பூரண சம்மதம்” என்றேன். “எதுக்குங்க?” என்றார். “அக்காவை நீங்க கட்டிக்கிறதுக்கு.” அவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். தெர்மாமீட்டர் ஆட்டிடமே தங்கிவிட்டது. ஆட்டுக்காரம்மா, “டாக்டர், ஆடு…” என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. “டீச்சரம்மா… சொன்னாங்களா?” என்றார் டாக்டர். இங்கேதான் அக்கா, நான் ஒரு பொய் சொன்னேன். சொந்தப் பொய்கூட இல்லை, தபால்காரரிடம் இரவல் வாங்கியது. “அவங்க வாயாலயே சொன்னாங்க. என் ரெண்டு காதால கேட்டேன்.”

மனுஷர் போய்க் கையைக் கழுவினார். திரும்பி வந்தார். மறுபடி போய்க் கழுவினார். பிறகு ரகசியம் போலச் சொன்னார்: “ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மாட்டுக்கு ஒரு நோயும் கிடையாதுங்க. ஆறு வருஷமா மாசம் ரெண்டு தடவை கூப்பிடுறாங்க. நானும் நாக்கைப் பார்ப்பேன், காதைத் தொட்டுப் பார்ப்பேன், ‘எதுக்கும் அடுத்த வாரம் ஒருதரம் பாத்துடலாம்’னு சொல்லிட்டு வருவேன். எனக்குப் புரியாத ஏதோ நோயின்னு ராத்திரியெல்லாம் புஸ்தகம் படிச்சேங்க.” ஆட்டுக்காரம்மா, “நல்லாப் படிச்சீங்க” என்று தெர்மாமீட்டரைத் தானே உருவிக் கொடுத்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

ஆகவே அக்கா, எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. நீ வெட்கப்படாதே. போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் அபிப்பிராயம் ஏதாவது சொல்லித் தொலைப்பேன். அதனால் இந்தக் கடிதத்தை டாக்டர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஒட்டித்தான் தருகிறேன், அவர் படிக்க மாட்டார். இன்று வியாழக்கிழமை, இரண்டு மணி பஸ்ஸில் வருகிறார். புதுச் சட்டை, இரண்டு கன்னமும் சவரம். மாடு நன்றாக இருக்கிறது என்று நீயே முதலில் சொல்லிவிட்டால் அவருக்குப் பேச்சை ஆரம்பிக்கச் சௌகரியமாக இருக்கும்.

உன் முழங்காலுக்கு என் விசாரிப்பு. மாட்டுக்கு உன் தம்பி மனைவியின் அன்பு. என்னை முதலில் திட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
வாய் மட்டும் உள்ள தம்பி.

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியதை எல்லாம் படிக்காதே. படித்துவிட்டால் மறந்துவிடு. டாக்டர் என் எதிரில்தான், கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்துக்குக் காத்திருக்கிறார். சும்மா இருக்கிறாரே என்று, வேஷத்துக்காக வாங்கி வைத்திருந்த ரேடியோவைத் திருகினேன். மணி ஒன்றேகால். வாழ்க்கையில் முதல் முறையாகக் ‘களத்துமேட்டுக் குடும்பம்’ கேட்டேன். அதில் ஒரு டீச்சர். அவரைக் கட்டிக்கொள்ளப் போகிற ஒரு மாட்டு டாக்டர். அவர்களுக்குக் குறுக்கே ஒரு தம்பி. குடைக் கடை வைத்திருக்கிறான், மத்தியானம் குறட்டை விடுகிறான். தபால்காரர் சொன்னது, உன் தம்பி மனைவி சொன்னது, எல்லாம் அட்சரம் பிசகாமல் அங்கே இருக்கிறது. உன்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. “அன்னைக்கு ஏன் டாக்டர் பாதியில ஓடினீங்க?” என்று கேட்டேன். “ஒரு மாடு கன்னு போட முடியாமத் தவிக்குதுன்னு போன் வந்துச்சு. ஏன், நீங்க ஏதாவது பேசினீங்களா? ஒரு காது நுரை, ஒரு காது போனு” என்கிறார்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். இல்லாத கல்யாணத்துக்குச் சம்மதம் கொடுத்து, மாப்பிள்ளைக்குப் புதுச் சட்டையும் போட வைத்துவிட்டேன். இவரை எப்படித் தடுப்பது என்று யோசிப்பதற்குள் ரேடியோவில் அந்த டாக்டர் கேட்கிறார்: “உங்க மாட்டுக்கு இத்தனை வருஷமா என்னதான் நோய், டீச்சர்?” “அதுக்கு ஒண்ணுமே இல்லைங்க டாக்டர்” என்கிறார் டீச்சர். நம் டாக்டர் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கண்ணை இமைக்கவில்லை. நாடகம் முடிந்து, நடித்தவர்கள் பெயரையெல்லாம் வாசித்துவிட்டு, கடைசியில், போன வருஷத்திலிருந்து எழுதிவருகிறவர் என்று ஒரு பெண் பெயரைச் சொன்னார்கள்.

இன்ஷியல் நம் அப்பாவுடையது.