நுரை சிந்தாத தாங்கி

பாலைவனத்துக்கு நாகரிகம் வந்தது ஒட்டகத்தின் முதுகில் அல்ல. ஒரு ஜீப்பின் முன்னிருக்கைக்குப் பக்கத்தில் திருகாணி வைத்து முடுக்கிய இரும்புக் கையின்மேல் ஏறித்தான் வந்தது. கையின் நுனியில் ஒரு தட்டு. தட்டின்மேல் ஒரு மடிக்கணினி. அதற்கு முன்பு வெட்டுக்கிளிகளை எண்ணியவர்கள் வெறும் காகிதத்தில் எண்ணினார்கள். அவர்கள் எப்படி ஒன்றையாவது கொன்றார்கள் என்பது இன்றுவரை விளங்காத அதிசயம்.

வெட்டுக்கிளி ஒழிப்பு அலுவலகத்தின் கள ஆய்வாளர் சல்காவுக்கு அந்த ஆண்டு மழைக்குப் பிறகு இந்த நாகரிகம் வழங்கப்பட்டது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. கள ஊழியர்கள் வேலமர நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே வாய்க்கு வந்த எண்களை எழுதுகிறார்கள் என்று தலைமை அலுவலகம் சந்தேகப்பட்டது. ஆகவே, வண்டி மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடினால்தான் கணினி இனிமேல் படிவத்தை ஏற்கும். பின்சக்கரத்திலிருந்து ஒரு கம்பி கணினிக்குப் போயிற்று. சக்கரம் நின்றால் படிவம் மூடிக்கொள்ளும். இந்தத் திட்டத்துக்கு 'இயக்கத்தில் உண்மை' என்று பெயர். தலைமை அலுவலகமும் தேநீர் குடிக்கும்தான். ஆனால் அது நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கும்.

வண்டி ஓடினால் இரும்புக் கை ஆடியது. கை ஆடினால் கணினி ஆடியது. சல்கா நான்கு என்று தட்டினால் நாற்பத்து நான்காயிரம் விழுந்தது. அதை அழிப்பதற்குள் கணினி தன் நடுக்கத்தைத் தானே கண்டுபிடித்து, 'பதிவு நடுங்குகிறது, ஏற்க இயலாது' என்று நேர்மையாக ஒப்புக்கொண்டது.

இந்த நேர்மைக்கு நடுவில்தான் அம்ஸீக்கா ஓடையில் பூச்சி கிளம்பியது.

காட்டிக்கொடுத்தவள் மெசவூதா. ஓடையின் மண்ணணைக்குப் பின்னால் தேங்கிய மழை ஈரத்தில் சோளமும் தர்பூசணியும் விதைத்திருந்தாள். அவளுக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் அந்த ஒரு வயல்தான் வருஷச் சோறு. வயலிலிருந்து நான்கு கிலோமீட்டர் நடந்து சல்காவை அழைத்துப் போனாள். அங்கே தரை வெட்டுக்கிளிக் குஞ்சுகளால் கறுப்பும் மஞ்சளுமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாள் இருக்கு, மகளே?"

சல்கா ஒன்றைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். முதுகில் இறக்கை மொட்டு தடித்திருந்தது.

"எட்டு நாள். மிஞ்சினா ஒம்பது. அப்புறம் பறந்துடும்."

"பறந்தா?"

"முதல்ல உங்க சோளத்துலதான் இறங்கும்."

"இப்பவே மருந்து அடிச்சா?"

"நடக்குற பூச்சிதானே. ஒரே காலையில முடிஞ்சிடும்."

"அப்ப அடி."

"மருந்து லாரி தலைநகர்ல இருக்கு. நான் அறிக்கை அனுப்பினாத்தான் கிளம்பும்."

"அனுப்பு."

"வண்டி ஓடணும்."

"ஓட்டு."

"ஓட்டினா கணினி ஆடுது."

மெசவூதா ஊரும் தரையைக் காட்டினாள். "அது ஆடினா ஆடிட்டுப் போகுது. பூச்சி இங்கதானே இருக்கு?"

சல்கா சுற்றறிக்கையை மனத்துக்குள் புரட்டினாள். இப்படி ஒரு கேள்வியே அதில் இல்லை.

ஓட்டுநர் இஸ்லமு சுற்றறிக்கை படிக்காதவன். அந்தக் குறையால் அவன் இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டான். இரும்புக் கையைப் பாதியாக மடக்கினான். தட்டுக்கு அடியில் ஓர் அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்தான். பழைய டியூபைக் கீறி எடுத்த ரப்பர் பட்டையால் எல்லாவற்றையும் கதவுக் கைப்பிடியோடு இழுத்துக் கட்டினான்.

"கையை இவ்வளவு நீளமா நீட்டி வெச்சா ஆடாம என்ன செய்யும், தங்கச்சி? மடக்கணும், தாங்கணும், கட்டணும். ஒட்டகத்து மேல பொண்டு பிள்ளைங்களை ஏத்தி கட்டுறதில்லையா? யாராவது விழுந்திருக்காங்களா?"

கணினி அசையவில்லை. சல்கா பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில் அறிக்கையை அனுப்பினாள். மறுநாள் தலைமை அலுவலகம் பூச்சியைப் பற்றி ஒன்றும் கேட்காமல் கணினித் தாங்கியின் புகைப்படம் கேட்டது. அனுப்பினாள். அதற்கும் மறுநாள் பதில் வந்தது:

'தங்கள் அறிக்கை அரிசியின் மீது அமர்ந்து அனுப்பப்பட்டுள்ளது. அரிசி அங்கீகரிக்கப்பட்ட தாங்குபொருள் அல்ல. தாங்கியைச் சோதிக்க நிலைப்புக் குழு நேரில் வருகிறது. அதுவரை எதையும் எண்ண வேண்டாம்.'

"தப்பு என்னுதுதான்," என்றான் இஸ்லமு. "ரோஸ்ஸோ அரிசி உள்ளூர்ச் சரக்கு. மக்ரோனி மூட்டையா வெச்சிருந்தா வெளிநாடுன்னு ஒத்துக்கிட்டிருப்பாங்க."

ஐந்தாம் நாள் அத்தார் ஊர்ச் சாலைப் பக்கமிருந்து புழுதி எழும்பியது. சல்காவுக்கு அந்த லாரியைத் தெரியும். அது மருந்து லாரி. மெசவூதா வயலிலிருந்து ஓடிவந்தாள். லாரி நின்றது. மருந்துத் தொட்டியும் தெளிப்பானும் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு மெத்தைகள், ஒரு கம்பளம், இரண்டு உயிருள்ள ஆடுகள் இருந்தன. நிலைப்புக் குழுவின் நால்வரும் வானநீல அங்கியை உதறிக்கொண்டு இறங்கினார்கள்.

குழுத் தலைவர் டாக்டர் ஷேக்னா. நடுக்கத்தைப் பற்றி வெளிநாட்டில் ஆறு வருஷம் படித்தவர். அங்கே சாலைகள் நன்றாக இருந்ததால் நடுக்கத்தை நேரில் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

"மருந்து எங்க, டாக்டர்?" என்று சல்கா மெல்லக் கேட்டாள்.

"இறக்கி வெச்சிட்டோம். குழு உட்கார இடம் வேணுமில்ல. ஆடுற கணினி சொல்லி மருந்து அடிச்சா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"பூச்சி நாலு கிலோமீட்டர்லதான் இருக்கு. நீங்களே ஒரு தடவை வந்து பார்த்துட்டா..."

"பார்த்தா நான் சாட்சியாயிடுவேன், அம்மா. என் நடுநிலை போயிடும்."

நடுநிலை தவறாமல் கம்பளம் விரிக்கப்பட்டது. சோதனை முறையை டாக்டரே வகுத்திருந்தார். நுரையில்லாத தேநீரை மனிதர்கள் குடிப்பதில்லை. நுரையைவிட நுட்பமான அளவுகோலும் உலகில் இல்லை. ஆகவே நுரை ததும்பும் ஒரு குவளையைக் கணினியின் அருகே தட்டில் வைத்து வண்டியை ஓட்ட வேண்டும். நுரை சிந்தாவிட்டால் தாங்கி நிலையானது.

நுரை வேண்டுமென்றால் தேநீர் போட வேண்டும். தேநீர் என்றால் மூன்று சுற்று. மூன்றாவது குவளைக்கு முன் எழுந்தால் அது விருந்து கொடுப்பவருக்கு அவமானம். விருந்து கொடுப்பவர் டாக்டர். எழ வேண்டியவரும் டாக்டர். அவர் தன்னை அவமதித்துக்கொள்ள விரும்பவில்லை.

மாலையில் குழு இரண்டாகப் பிளந்தது. முதல் குவளையின் நுரை கெட்டி, மூன்றாவதின் நுரை மெலிசு. இதில் எது அரசாங்க நுரை?

"முதல் நுரைதான். அதுல கசப்பு இருக்கு, உறுதி இருக்கு," என்றார் ஓர் உறுப்பினர்.

"மூணாவதுதான் நேர்மையானது. லேசா ஆடினாலும் காட்டிக்கொடுத்திடும்," என்றார் இன்னொருவர்.

"அதனாலதான் வேண்டாம்ங்கறேன்," என்றார் முதலாமவர்.

ஆறாம் நாளும் இதிலேயே போயிற்று. ஏழாம் நாள் கெட்டி நுரை வாக்கெடுப்பில் வென்றது. ஓர் ஆட்டை அறுத்தார்கள். பிறகு அரிசி மூட்டையை இறக்கி, இரும்புக் கையைப் பழையபடி நீட்டிவிட்டு வண்டியை ஓட்டினார்கள். முதல் மேட்டிலேயே நுரை டாக்டரின் அங்கியில் குடியேறியது.

"டாக்டர், அந்தக் கையை மடக்கி, அடியில கொஞ்சம்..." என்று இஸ்லமு ஆரம்பித்தான்.

"அரிசின்னு சொல்லாதே."

"சொல்லல, டாக்டர்."

டாக்டர் இறங்கித் தரையை நெடுநேரம் பார்த்தார். "தாங்கியில ஒரு பழுதும் இல்ல. நிலத்துலதான் பழுது. நிலத்தை விலக்கிட்டா எல்லாம் சரியாயிடும்."

எட்டாம் நாள் நிலம் விலக்கப்பட்டது. ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கிக் கற்களின்மேல் நிறுத்தினார்கள். இஸ்லமு இன்ஜினை முடுக்கினான். பின்சக்கரங்கள் காற்றில் சுழன்றன. கணினி பதினைந்து, பதினாறு, பதினேழு கிலோமீட்டர் என்று காட்டியது. வண்டி ஓர் அங்குலமும் போகவில்லை. நுரை ஒரு சொட்டும் சிந்தவில்லை. குழுவினர் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள். சான்றிதழை மறுநாள் காலை எழுதலாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை கிழக்கே இளஞ்சிவப்பாக ஒரு மேகம் எழுந்தது.

மெசவூதா வயலுக்கு ஓடித் தகரத்தைத் தட்டினாள். பிள்ளைகள் துணிகளை வீசினார்கள். சல்காவும் தன் உடலைச் சுற்றிய மெல்ஹஃபாத் துணியின் முனையை வீசிக்கொண்டு கத்தினாள். இஸ்லமு பழைய டயரைக் கொளுத்திப் புகை போட்டான். இரண்டு மணி நேரம். பிறகு வீசுவதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. சோளம் இருந்த இடத்தில் தண்டுகள் நின்றன. தர்பூசணிகள் கொடியும் இலையும் இல்லாமல் மணலில் கிடந்தன, யாரோ மறந்துவிட்டுப் போன பாத்திரங்கள் போல.

சல்கா திரும்பி வந்தபோது டாக்டர் ஜீப்பின் அருகே குவளையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு பூச்சி மோதியிருக்கு. ஒரு சொட்டு சிந்தல, பார்த்தியா? சரி, உட்கார். சோதிச்ச தாங்கியிலேருந்து முதல் அறிக்கையை இப்பவே அனுப்பணும்."

சல்கா உட்கார்ந்தாள். சக்கரங்கள் சுழன்றன. ஆறு வருஷ வேலையில் அவள் மேலதிகாரிகளிடம் ஒரு சொல் உரக்கப் பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை. கட்டங்களை மட்டும் நிரப்பினாள்.

எண்ணிக்கை: நான்கு.
பருவம்: நன்கு முதிர்ந்தவை.
நிறம்: வானநீலம்.
வந்த திசை: தலைநகர்.
தற்போதைய நிலை: ஐந்து நாட்களாக ஒரே இடத்தில் இறங்கியிருக்கின்றன. கிளம்பும் அறிகுறி இல்லை.
சேதம்: ஒரு வயல். ஆறு பேரின் ஒரு வருஷம்.

"ஆடுதா?" என்றார் டாக்டர்.

"ஆடல, டாக்டர். நீங்க கையெழுத்துப் போடணும்."

டாக்டர் திரையின் ஓரங்களை மட்டும் உற்றுப் பார்த்தார். ஓரங்கள் அசையவில்லை. 'படித்தேன், உறுதி செய்கிறேன்' என்ற இடத்தில் விரலால் கையெழுத்திட்டுவிட்டுக் கம்பளத்துக்குப் போனார்.

பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது. அந்த அலுவலகம் ஒரு கடிதத்துக்கு அன்றைக்கே பதில் சொன்னது அதுதான் முதல் முறை. சல்கா திரையை இஸ்லமுவின் பக்கம் திருப்பினாள். மெசவூதா நசுங்கிய தகரத்தோடு கதவருகே நின்றிருந்தாள். இஸ்லமு அவளுக்காக உரக்கப் படித்தான்:

'அறிக்கை ஏற்கப்பட்டது. பதிவில் நடுக்கம் இல்லை. மேற்படி கூட்டம் வேறு வயல்களுக்குப் பரவும் முன், இறங்கிய இடத்திலேயே முற்றிலும் அழிக்க அனுமதி அளிக்கப்படுகிறது.'

மெசவூதா கம்பளத்தைப் பார்த்தாள். நால்வரும் நுரைக்காகக் காத்திருந்தார்கள்.

"ஆபீஸ்ல விவரம் தெரிஞ்சவங்களும் இருக்காங்க போல," என்றாள் அவள். "எப்ப ஆரம்பிக்கிறது?"