செண்டுமல்லி வெந்த கதை

எல்லாக் கல்யாண வீட்டிலும், யாரும் கேட்காமலேயே ஒரு பொறுப்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளும் மருமகன் ஒருவன் இருப்பான். எங்கள் வீட்டில் அந்தப் புண்ணியவான் நான்.

மைத்துனன் கார்த்திக்குக் கல்யாணம். வீடு நீலசந்திராவில், மண்டபம் சந்தாபுராவில். "ஒரு கேப் புக் பண்ணிக்கலாம் மாமா" என்றுதான் அவன் சொன்னான். நான் விடவில்லை. மாப்பிள்ளை பழங்காலக் காரில் வந்து இறங்க வேண்டும், போட்டோவில் ஸ்டீயரிங்கை நான் பிடித்திருக்க வேண்டும் (இரண்டாவதுதான் முக்கியம்). என் மாமனாரைவிட வயதான ஒரு கறுப்பு வெளிநாட்டுக் காரை வாடகைக்குப் பிடித்தேன். குளிர் தேசத்தில் பிறந்தது. ஆகவே ஹீட்டர் உண்டு, ஏ.சி. கிடையாது. பெங்களூர்ச் சாலைகள் அதற்குப் புதிது. எனக்கும்தான். ஆம்பூரிலிருந்து வந்த நாளாக ஆபீஸ் கேபில் தூங்கிக்கொண்டே போய் வந்தவன் நான்.

காலையில் பூக்காரர் பானெட்டின் மேல் ஒரு சரத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார். எனக்கு மனசு ஆறவில்லை.

"என்னங்க இது, கஞ்சத்தனமா? முன்னாடி மூஞ்சியே தெரியக் கூடாது, அப்படிக் கட்டுங்க."

செண்டுமல்லியைத் திண்டு மாதிரி அடைத்துக் கட்டினார். "ஏங்க, வண்டிக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி சுமதி. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவளும் மற்றவர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். காரில் நானும், பக்கத்து சீட்டில் பட்டு வேட்டியும் மேக்கப்புமாகக் கார்த்தியும்.

சில்க் போர்டு நெரிசலைத் தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் எழுந்துகொண்டது.

"மாமா, அந்த முள்ளு என்னமோ ஏறுதே?"

"பழைய வண்டி மச்சான். சோம்பல் முறிக்குது."

அதே தெம்பில் ஓசூர் ரோடு மேம்பாலத்தில் ஏறினேன். ஏறிய பிறகுதான் உறைத்தது, அங்கே நினைத்த இடத்தில் இறங்க முடியாது, நிற்கவும் முடியாது. பின்னால் ஹாரன்கள் அலறின. பக்கத்துக் காரில் இருந்தவர்கள் கையை ஆட்டினார்கள். மாப்பிள்ளைக்கு வாழ்த்து என்று நானும் ஆட்டினேன். ஒருவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: "சார், ஹொகே பர்த்தா இதே!"

(புகை வருகிறதாம்.)

முள் சிவப்பைத் தொட்டது. ஸ்டீயரிங் என் கையில் வழுக்கியது.

"நின்னுட்டா என்ன மாமா பண்றது?"

"தள்ளலாம்."

"பட்டு வேட்டியோடயா?"

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா போன். முகூர்த்த நேரம் முடியப் போகிறதாம், ஐயர் பறக்கிறாராம். "பாலத்து மேல இருக்கேன் மாமா" என்றான் கார்த்தி, குதிக்கப் போகிறவன் குரலில். அதே போனில் எதையோ தேடினான்.

"மாமா! ஹீட்டரைப் போட்டா இன்ஜின் சூடு உள்ள வந்துடுமாம்!"

"மே மாசத்துலயா?"

"போடுங்க மாமா! எனக்குக் கல்யாணம் ஆகணும்!"

போட்டேன். அனல் நேராக அவன் வேட்டிக்குள் புகுந்தது. ஜன்னல் வழியாக வந்ததும் அனல்தான். கூடவே கீரை வேகிற மாதிரி ஒரு வாசனை. "மண்டபத்துச் சமையல் இங்க வரைக்கும் மணக்குது பாரு" என்று தைரியம் சொன்னேன். அவன் மேக்கப் கன்னத்தில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. முள் சிவப்பிலிருந்து ஒரு மயிரிழை விலகியது. அதற்குமேல் இறங்க மறுத்தது. பாலம் இறங்கி ஹெப்பகோடி வரும்வரை நாங்கள் இருவரும் அதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை (சாலையை எப்போதாவது பார்த்தேன்).

மண்டப வாசலில் கார் உஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. நாதஸ்வரமும் நின்றது. ஆரத்தித் தட்டோடு வந்த பெண்ணின் அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தார், காரின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

"யாருப்பா பூவை வேக வெச்சது?"

பழுப்பாகக் குழைந்து தொங்கியது செண்டுமல்லி. அப்போதுதான் புரிந்தது. வண்டி மூச்சு விடும் மூக்கை நானே காசு கொடுத்து அடைத்திருக்கிறேன்!

எப்படியோ நேரத்துக்குள் தாலி ஏறியது. ஆனால் ஆல்பத்தில் ஒவ்வொரு போட்டோவிலும் கார்த்தியின் கன்னத்தில் தாரை தாரையாகக் கோடு. கட்டாயக் கல்யாணம், பையன் வழியெல்லாம் அழுதிருக்கிறான் என்று பெண் வீட்டில் பாதிப் பேர் இன்னும் நம்புகிறார்கள். அவன் மனைவி நித்யாவுக்கு உண்மை தெரியும். ஆனாலும் சண்டை வந்தால், "அழுதுக்கிட்டே வந்தவர்தானே நீங்க!" என்கிறாள். கார்த்தி என்னை முறைக்கிறான்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். சுமதி தெர்மாமீட்டரைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் மூக்கைப் பார்த்தாள்.

"பூ ஒண்ணும் கட்டலையே" என்றாள்.