முக்கால் முழுக்கு

திண்டிவனம்,
19 மே 1958

கர்த்தருக்குள் அன்பும், கோபத்தில் தாராளமும் உள்ள மாசிலாமணி மாமா அவர்களுக்கு, மருமகன் அப்பாதுரை தோத்திரத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். விழுப்புரத்தில் தாங்களும் தங்கள் இருமலும் சுகமா?

நேற்று எனக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது. ரயில்வேயில் உங்களுக்கு லீவு கிடைக்காததும் நல்லதே, வந்திருந்தால் குடம் தூக்க விட்டிருப்பார்கள். நம் பாப்டிஸ்ட் சபையில் குழந்தைத் தலையில் சொட்டு விட்டு முடிக்கிற வழக்கம் இல்லையே; விவரம் தெரிந்தபின் சபையார் கைதூக்கிச் சம்மதித்தால்தான் ஆளை முழுசாக முக்குவார்கள். போன வருஷம் என் குறும்புக்குப் பயந்து ஒருவரும் கை தூக்கவில்லை. இந்த வருஷம் தூக்கினார்கள். அம்மா இரண்டு கையும் தூக்கினாள்; ஒன்று தள்ளுபடி.

நீங்கள் முழுகின காலத்தில் சபை கூடியது மாட்டுக்கொட்டகையில், முழுக்கு ஏரியில். இப்போது மேடைக்கு அடியில் சிமெண்டுத் தொட்டியே இருக்கிறது. இந்தக் கோடையில் சபைக் கிணற்றைச் சுரண்டி அதை நிரப்பி வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குப் பால்மாவு கரைத்துக் கொடுக்கும்போது, எதிர்வீட்டு கெங்கம்மாள் அக்கா போதகரிடம், "பாஸ்டரய்யா, தெருக் கெணறெல்லாம் காஞ்சி கெடக்குது, நீங்க அம்மாந் தண்ணிய மூடி வச்சிக்கினு இருக்கீங்களே" என்றார். அக்கா மாரியம்மனைக் கும்பிடுகிறவர். உடனே சபைக்கூட்டம். சபைச் சட்டதிட்டம் பார்க்கிற டீக்கன் விருத்தாசலம், "பையன் ரெண்டு வருசமா காத்துக்கினு இருக்கான்" என்றார். "அவன் காத்திருப்பான், தாகம் காத்திருக்காது" என்றார் போதகர். எல்லாக் கைகளும் எழும்பின, அம்மா கை கடைசியாக. சாயங்காலத்துக்குள் தொட்டியின் அடி தெரிந்தது.

ஞாயிறு முதல் பாட்டு முடியவில்லை, வாசலில் தெருவே நிற்கிறது, ஆளுக்கொரு குடம். வயலைத் தவிர யாருக்கும் தண்ணீர் விடாத வேங்கடேசனை நச்சரித்து, அவர் மோட்டாரை ஓடவைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். "இன்னா தம்பி முழிக்கிற? உன் தண்ணிய நாங்க குடிச்சிட்டோம், எங்க தண்ணியில நீ முழுவு" என்றார் கெங்கம்மாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் குடத்தை நானே வாங்கித் தொட்டியில் ஊற்றினேன் மாமா. தொட்டியில் முழங்காலளவுதான். போதகர் என்னை உட்காரவைத்து, மல்லாத்தி, முக்கி எடுத்தார். பழைய அப்பாதுரை அதிலேயே போய்விட்டான். இனி குறும்பு இல்லை.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் வண்டிகளையும் கோபத்தையும் தடம் புரளாமல் கர்த்தர் காப்பாராக.

உங்கள் புதிய மருமகன்,
அப்பாதுரை

பின்குறிப்பு: இப்போதுதான் டீக்கன் வந்துவிட்டுப் போனார். மல்லாத்தியபோது என் வலது முழங்கால் வெளியே நின்றதாம், முழுக்கு செல்லாதாம். ஆகவே புதியவன் இன்னும் வரவில்லை, பழையவனே எழுதுகிறேன். வரும் ஞாயிறு முழங்காலுக்குத் தனியாக ஓட்டெடுப்பு. லீவு போட்டு வந்து கை தூக்கவும். விஷயம் கேட்ட கெங்கம்மாள் அக்கா, "முன்னாடியே சொல்றதுக்கு இன்னா, இன்னும் நாலு கொடம் ஊத்தியிருப்பமே" என்று மறுபடி வேங்கடேசன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.